மெயினை அணைத்தும் எரிந்த அறை

மார்ச் 3, திங்கள்
வீடு கிடைத்துவிட்டது! படியே ஏறவேண்டாத பின்னறை, ஒட்டினாற்போல் குளியலறை. அப்பா எங்கள் மூன்றாவது மாடியை விட்டுக் கீழே இறங்கியே ஐந்து மாதம் ஆகிறது. அவரையும் அவருடைய மூச்சு மெஷினையும் மனசுக்குள் அந்த அறைக்குக் குடிவைத்தாயிற்று. ஒரே நிபந்தனை: கையெழுத்துக்கு முன்னால் வயரிங்கை நான் பார்க்கவேண்டும். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு வீடு வாங்கினான் என்று கம்பெனியில் சிரிக்கவா?
"பொண்ணு பாக்கப் போனாலும் டெஸ்டரோடதான் போவே" என்றாள் அம்மா. போவேன்.

மார்ச் 8, சனி
காலையில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார யாருக்கு நேரம்? போர்டு போர்டாகக் கழற்றினேன். நல்ல செம்பு வயர். எர்த் சரி. முன்னறையில் ஒரு பிளக் மட்டும் கருகல். கடைசியாக எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மெயினை அணைத்தேன். வீடே அணைந்தது — பின்னறை மட்டும் ஜம்மென்று எரிகிறது!
தப்பான சுவிட்சோ? மறுபடி அணைத்தேன். எரிகிறது. வயரைத் துரத்தினேன். பரண் மேல், ஒட்டடையோடு ஒட்டடையாக ஓடி, பொதுச்சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போகிறது. அடுத்தவர் மீட்டர்! பரண் மேலேயே குதித்தேன், தலை இடித்தது.
வாய் சும்மா இருந்ததா? "என்ன சார், திருட்டுக் கரண்டா?"
அவர் முகம் செத்துவிட்டது. "நான் வீடு விக்கல. கெளம்புங்க."

மார்ச் 9, ஞாயிறு
அம்மா பேசவில்லை.

மார்ச் 10, திங்கள்
பேசினாள். "உன் நாக்குக்கு ஒரு மெயின் சுவிட்ச் வாங்கி மாட்டு."
தரகர் சொன்னாராம்: இரண்டும் ஒரே வீடாக இருந்ததுதான். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். நம் வீட்டுக்காரர் தம்பி, பக்கத்தில் அண்ணன். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. கொல்லையைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள், வயரைப் பிரிக்கவில்லை!
நான் பார்க்காமல் விட்டிருந்தால்? அண்ணன்காரர் ஊருக்குப் போகும்போது தன் மெயினை அணைப்பார். இங்கே அப்பாவின் மெஷின்... பாட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். கண்டுபிடித்தது சரி. சொன்ன சொல் தப்பு. ரொம்பத் தப்பு.

மார்ச் 12, புதன்
போய் நின்றேன். "தப்பாப் பேசிட்டேன் சார்." அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா."
அண்ணன் வீட்டு வாசலை அவர் மிதிக்கமாட்டார். நானே போனேன். முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை, அண்ணன்காரர் தலையாட்டினார்.
"தெரியும். மொத பில்லுலயே தெரியும்."
"அப்புறம் ஏன் வெட்டல?"
"அந்த ரூம்ல எங்கம்மா படுத்திருந்தாங்க. அவங்க ஃபேனை நான் நிறுத்தவா?"
"அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு தரகர் சொன்னாரே..."
"ஆச்சு."
அதற்குமேல் டெஸ்டர் வைக்க எனக்கே மனசு வரவில்லை.
திரும்பி வந்து அப்படியே ஒப்பித்தேன். வீட்டுக்காரர் முகம் கழுவ உள்ளே போனார். வந்து, "ஞாயித்துக்கிழமை வயரை மாத்துங்க. அப்புறம் பத்திரம் பேசலாம்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஓட்டம்தான்!

மார்ச் 16, ஞாயிறு
இந்த வீட்டு மீட்டரிலிருந்தே பின்னறைக்குப் புது வயர் இழுத்தேன். ஏணிக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தம்பி.
"அந்தாளை ஏணியை நல்லாப் பிடிக்கச் சொல்லுங்க."
"பிடிச்சுட்டுதான் இருக்கேன்னு சொல்லுங்க."
நான் என்ன தபால்காரனா?
பழைய வயரை வெட்டவேண்டிய நேரம். அண்ணன்காரர் தன் மெயினை அணைக்கக் கிளம்பினார். அதற்குள் வீட்டுக்காரர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, நான் பின்னறை போர்டிலிருந்து கழற்றித் தொங்கவிட்டிருந்த பழைய வயரின் முனையைப் பிடிக்கப் போனார்.
"டேய்! கையை எடுடா! நான் இன்னும் அணைக்கலடா!"
அவர் கையை எடுத்தார். "சரிண்ணா."
பிறகு ஏணியை யாருமே பிடிக்கவில்லை. விழாமல் நின்றது என் சாமர்த்தியம்.

ஏப்ரல் 6, ஞாயிறு
குடிவந்தாயிற்று. எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மெயினை அணைத்தேன். பின்னறையும் அணைந்தது! கத்தினேன். மெஷின் பாட்டரிக்கு மாறி ஒரு பீப் கொடுத்தது.
"கூத்தடிச்சது போதும்" என்றார் அப்பா உள்ளேயிருந்து. "போடுடா, பேப்பர் பாதியில நிக்குது."