மாடி என்றொரு சொல்

2009 ஓகஸ்ட் 14, வெள்ளி

இன்றைய ஒன்லைன் ஆட்டத்தில் எங்கள் அணி தோற்கும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது தமிழ் தெரியாத கண்டிச் சிங்களவர் ஒருவர் ஹெட்செட்டில் "மாடி, மாடி" என்று கத்தினார். உடனே எல்லோரும் பின்வாங்கித் தப்பினோம். அதை ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்திருக்கிறார்.

அந்தச் சொல்லைத் தொடங்கியவன் என் மச்சான் றிஸ்வான். சுனாமியன்று அப்படிக் கத்தித்தான் எங்கள் தெருவையே பள்ளிவாசல் மாடிக்கு ஏற்றினான். அவனுடைய உம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நானாக இருந்தால் அதை மறுபடி வாயில் எடுத்திருக்க மாட்டேன். அவனோ அதை எங்கள் அணிக்கு 'பின்வாங்கு' என்ற சைகைச் சொல்லாகக் கொடுத்துவிட்டான்.

"அந்தக் கண்டிக்காரருக்கு அர்த்தத்தச் சொல்லட்டா மச்சான்?" என்று றிஸ்வானிடம் கேட்டேன்.

"வாணாம். இந்த முற எல்லாருக்கும் கேட்டிச்சுதானே. அது காணும்."