கட்டிலுக்கடியில் ஒரு ஜாடி

செப்டம்பர் 9

சலவைக் கடைக்காரனுக்கு முதல் பாடமே, துணியை இயந்திரத்தில் போடும் முன் பையைத் துழாவுவதுதான். இன்று மகளின் கோட்டுப் பையில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம். பேய்ப் படங்களில் தரையில் வரைவார்களே, அதே. மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது எதற்கு?

செப்டம்பர் 10

கேட்டே விட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள், "நான் சூனியக்காரிப்பா. ரெண்டு வருஷமா." தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு என்பது மாதிரி.

"அப்போ சாத்தானைக் கும்பிடறியா?"

"அவரு உங்க பைபிள்ல வர்றவரு. எங்ககிட்ட அப்படி ஒருத்தர் கிடையாது. நிலா, மண்ணு, தண்ணி, காத்து, இவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் பண்ணக் கூடாது, அதான் எங்களுக்கு முதல் பாடம்."

இவள் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் போய் மூன்று வருஷமாகிறது. நான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

அக்காவிடம் உளறிவிட்டேன். எனக்கு ஓட்டை வாய். "சாத்தானுக்கு ரத்தத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாடா" என்கிறாள். மகள் தனக்கு ஊசி என்றாலே மயங்கி விழுகிறவள். அதைச் சொல்ல அப்போது தோன்றவில்லை.

செப்டம்பர் 18

அடுத்த மாதம் பத்தாம் தேதி எனக்கு பைபாஸ். பயமில்லை என்று மகளிடம் சொன்னேன். இங்கே எழுதலாம் — பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 26

செருப்பைத் தேடிக் குனிந்தால், என் கட்டிலுக்கடியில் ஒரு ஜாடி. மூடியைச் சுற்றி மெழுகு. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், குண்டூசிகள், நடுவே ஒரு சுருள் நரைமுடி. இந்த வீட்டில் வேறு யாருக்கு நரை?

அக்காவுக்குப் போன் செய்தேன். "செய்வினைடா. உடனே உடைச்சுப் போடு." பின்வாசலில் போட்டு உடைத்தேன். பெத்த அப்பனுக்கா? அப்படி என்னம்மா செஞ்சேன் உனக்கு?

அதே நாள், மாலை

மகள் வந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள்.

"ஆணி உன்னைக் குத்தறதுக்கு இல்லப்பா. உன்கிட்ட எது வந்தாலும் அதைத் தடுக்கறதுக்கு. முடி, யாரைக் காப்பாத்தணும்னு தெரியறதுக்கு. ஆப்பரேஷனுக்காகப் பண்ணேன்."

என் சீப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாளாம். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் உன்னைக் கொல்லப் பாக்கறேன்னு நினைச்சிட்டேல்ல" என்று மட்டும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 28

போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 1

அக்கா எனக்காக ஜெபம் செய்ய வந்தாள். "விட்டது தொல்லை" என்றாள். என் பிள்ளையைத் தொல்லை என்றதும் எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"சும்மா இரு அக்கா. அவ என் மேல உசிரையே வெச்சிருக்கா. நான் ஒரு முட்டாள்."

பிறகு இருவரும் காபி குடித்தோம். ஆப்பரேஷனுக்குள் மகள் வருவாளா? அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக என்னால் முடியாது.

அக்டோபர் 3

மிருக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். காத்திருக்கும் இடத்தில் இரண்டு பூனைகள், ஒரு முயல், நான். காலில் கட்டுப் போட்ட நாயைத் தூக்கிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு போயே போச்சு. கொண்டுபோன கவரை நீட்டினேன்.

"என்னதுப்பா?"

"முடி. புதுசா ஒண்ணு பண்ணிடு."

காதுக்கு மேல் நானே தாறுமாறாகக் கத்தரித்திருந்த இடத்தைப் பார்த்தாள். "இருந்ததே நாலு முடி. அதையும் வெட்டிட்டியா?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும்தான். முயல்காரர் பாவம், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 17

வீட்டுக்கு வந்தாயிற்று. இருமினால் உயிர் போகிறது. பிழைக்கவைத்தது டாக்டர்தான், மகளே அப்படித்தான் சொல்கிறாள். பிறகு ஜாடி எதற்கு என்றேன்.

"நீ உள்ள படுத்திருக்கப்போ, நான் வெளில கையைக் கட்டிட்டு நிக்கணுமா?"

அக்டோபர் 31

இன்று சூனியக்காரர்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் நாளாம். அக்கா போனில், "சாத்தானோட நாள்டா, கதவைப் பூட்டிக்கோ" என்றாள். பூட்டினேன், குளிர் உள்ளே வராமலிருக்க.

மகள் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது, அவள் அம்மா உட்காரும் நாற்காலிக்கு நேராக. ஒரு மெழுகுவர்த்தி. இவ்வளவுதான் சூனியம்.

"அம்மாகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுப்பா."

அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் அவளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மற்றவர் அழுதுவிடுவாரோ என்று இருவருக்குமே பயம். தொண்டையைச் செருமினேன். தையல் சுள்ளென்றது.

"உன் பொண்ணு என்னை நல்லாப் பாத்துக்கறா" என்றேன், நாற்காலியிடம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் மெதுவாகச் சாப்பிட்டோம்.