மாடி ஏறினால் வலிக்கும் பல்

மார்ச் 4, செவ்வாய்

இடதுபக்கத் தாடையில் மறுபடி வலி. பல் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதே பிழைப்பாக இருப்பவளுக்குப் பல்வலி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கிளினிக் இரண்டாம் மாடியில். ஏறி முடிப்பதற்குள் உயிரை வாங்குகிறது. உட்கார்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

ஒரே அசதி. வாளியைத் தூக்க முடியவில்லை. வயதாகிறதோ? இவரிடம் சொன்னேன். "பல் டாக்டர்கிட்டயே வேலை பாத்துக்கிட்டு எங்கிட்ட ஏன் சொல்ற?" என்றார். நியாயம்தான்.

மார்ச் 10, திங்கள்

மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தட்டில் குறடும் மரப்பு ஊசியும் நானே எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் ஏறிப் படுத்தேன்.

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடுங்க டாக்டர்."

டாக்டருக்கு என் மகள் வயது. கோபம் வந்தால் எனக்கே அம்மா. வாய் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். எதுவும் வலிக்கவில்லை.

"எப்பக்கா வலிக்குது?"

"மாடி ஏறும்போதுதான்."

தட்டைத் தள்ளி வைத்தார். "நீங்க படி ஏறுறது பல்லுக்கு எப்படிக்கா தெரியும்?"

அப்புறம் ஒரு அடி நடக்க விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் கீழே மருந்துக் கடை அண்ணனுமாகத் தூக்கி இறக்கினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரி. இதயக் குழாயில் அடைப்பாம். ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்றிருந்தேன். பெண்களுக்குத் தாடை வலியாக, முதுகு வலியாக, வெறும் அசதியாகக்கூட வருமாம். பல்லைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போயிருந்தா — வேணாம், நினைக்கவே வேணாம்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அந்தக் குறட்டையைக் கேட்க இன்னும் இருக்கிறேனே, அது போதும்.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் பல் டாக்டர் பார்க்க வந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், பல்லைப் பார்த்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

மறுபடி வேலை. பாதிப் படியில், திருப்பத்தில், அதே பிளாஸ்டிக் நாற்காலி.

"வயசானவங்க உக்காரட்டும்னு போட்டேன்" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் உட்காரவில்லை. மெதுவாக ஏறினேன், வலி இல்லை. கண்தான் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் அந்த நாற்காலியில் ஒரு அம்மா. கன்னத்தில் கை, நெற்றியெல்லாம் வியர்வை.

"பல்வலிம்மா. மூச்சு வேற வாங்குது. கொஞ்சம் உக்காந்துட்டு மேல வரேன்."

"வரவேணாம். எழுந்திரிக்காதீங்க."

மேலே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டேன். பிறகு கைப்பிடியில் சாய்ந்து, கீழே மருந்துக் கடைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தேன்:

"அண்ணே, கொஞ்சம் மேல வாங்க. நாற்காலியோட தூக்கணும்."