கரைக்கோட்டில் நிற்கும் உன் மரம்

அன்பு மகள் கஹுராங்கிக்கு,

அப்பா எழுதுகிறேன். கிறைஸ்ட்சர்ச்சில் குளிர் எலும்பைக் குடைகிறது, மற்றபடி எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பெர்த்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே, ஏதாவது சமைத்துச் சாப்பிடு. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

நிலநடுக்கத்தில் நம் தெருவின் மண் கூழாகி, வீடுகளை இடித்து, பதினான்கு வருஷமாகப் புல்லாகக் கிடக்கிறதே, அந்த இடத்தை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கும் வேலையில் நான் இருப்பது உனக்குத் தெரியும். கரையைச் சரிவாக வெட்டினால் பெரிய கடல் ஓதத்தில் தண்ணீர் புல்மேல் ஏறும், இனாங்கா மீன் புல்லடியில் முட்டையிடும், விலாங்குக்கு இரை கிடைக்கும், ஒரு நாள் நமக்கும் கிடைக்கும். நம் மக்களின் வழக்கப்படி, வரைபடம் போடுமுன் அங்கே குடியிருந்தவர்களோடு நடந்து, யார் எதை நட்டார்கள், எதைப் புதைத்தார்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் அடையாளமாக நார்க்கயிறு கட்ட வேண்டும். எனக்கு இது நேர விரயமாகத்தான் பட்டது, ஒளிக்கவில்லை. ஆனாலும் முப்பத்தொரு வீட்டுக்காரர்களோடு நடந்தேன். நம் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன், எனக்குத் தெரியாததா என்ற திமிர். போன செவ்வாய்க்கிழமை முளைக்குச்சி அடிக்கப் போனால், கரை வெட்டும் கோடு நேராக உன் கோஃபாய் மரத்தின் வேருக்குள் போகிறது.

நீ பிறந்த மூன்றாம் நாள் உன் நஞ்சுக்கொடியைப் புதைத்து நட்ட மரம் அது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆழம் போதவில்லையோ என்று பயந்து குழியை இரண்டு தரம் தோண்டினேன். அதைப் போய் மறந்திருக்கிறேன்.

நாற்று நடும் ரிபேக்கா அக்கா முதலில் சிரித்தாள். “ஏன்டா ஹோனே, ஊரான் வீட்டு எலுமிச்சைக்கெல்லாம் கயிறு கட்டுன, பெத்த பொண்ணு மரத்துக்குக் கை வரலையா” என்றாள். வேரோடு தூக்கி மேட்டில் நடலாம், பிழைக்க அறுபது சதவீதம் வாய்ப்பு என்றேன். “கணக்க எங்கிட்ட சொல்லாத. அது ஒன் மரமா? அவள கேளுடா” என்றாள். வியாழக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டி ஒப்புக்கொண்டேன். பக்கத்து வீட்டில் இருந்த பாலின் எழுந்து, “ஆத்துக்காக எங்க ஆப்பிள் மரத்த விட்டுக் குடுத்தோம். இப்ப ஒங்க மரம்னதும் கோடு வளையுமாக்கும்” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

கோட்டை வளைத்தால் மீன் முட்டையிடும் கரை பன்னிரண்டு மீட்டர் போகும், பாலின் முகத்தில் விழிக்க முடியாது. மரத்தைப் பெயர்த்தால் பட்டுப்போகலாம். இல்லாவிட்டால் உன் நஞ்சுக்கொடி புதைந்த அந்த மண்ணை மட்டும் கையால் அள்ளி மேட்டில் வைத்து, அதே மரத்தின் விதையில் வந்த கன்றை மேலே நடலாம். அம்மாவுக்கு இந்தக் கடைசி யோசனைதான் பிடித்திருக்கிறது. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயம் போனில் “எனக்கு அங்க என்னப்பா இருக்கு, வெறும் புல்லுதானே” என்றாய். நான் கோபத்தில் வைத்துவிட்டேன். உன் மரம் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அது ஞாபகத்தில் இல்லை, அதுதான் இன்னும் குத்துகிறது. மன்னித்துக்கொள்.

இருபத்தெட்டாம் தேதி வரை இயந்திரம் அந்தப் பக்கம் வராது, நிறுத்தி வைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் வந்துவிடு, நடந்து பார்க்கலாம். முடியாவிட்டால் எழுது. வெட்டு என்றாலும் வெட்டுவேன், பாலினிடம் போய்க் கெஞ்சு என்றாலும் கெஞ்சுவேன். உன்னைக் கேட்காமல் மட்டும் இனி ஒரு குச்சி அடிக்க மாட்டேன்.

நம் ஆறும் நம் முன்னோரும் உன்னோடு துணை நிற்கட்டும், மகளே. கதவைப் பூட்டிவிட்டுப் படு. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்.

உன் அப்பா
ஹோனே