பின்னால் வண்டி வராத பாதை

என் அப்பாவுக்கு,

இல்லை, கூட யாரும் வரவில்லை. தனியாகத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பள்ளி சீக்கிரம் விட்டால் சாயங்காலத்திலும். நீங்கள் முதலில் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். சாப்பிட்டியா என்பதற்கும் முன்னால்.

வேலை கிடைத்து முத்துப்பேட்டைக்கு வந்துவிட்டேன். அரசுப் பள்ளி. மேல்வகுப்புகளுக்குத் தமிழ். ஊருக்கு வெளியே, ஆற்றுப் பக்கமாக, ஒரு மாடியில் அறையும் சமையலறையும். கீழே வீட்டுக்காரர்கள். அவர் படகு வைத்திருக்கிறார். அவர் மனைவி செல்வமணி அக்கா காலையில் மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்புவார். நல்லவர்கள். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் காடு ஒரு பச்சைக் கோடாகத் தெரியும்.

இங்கே காடு என்றால் அலையாத்திக் காடு, கடலோர உப்புச் சேற்றில் வளர்கிற காடு. உள்காட்டுக்குப் படகும் அனுமதியும் வேண்டும். நான் போவது அதன் ஓரத்துக்கு. ஆற்றங்கரையில் தார் முடிகிறது. பிறகு மண். பிறகு ஆடுகள் போட்ட தடம், இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். அதையும் தாண்டினால் உமரிச் செடி, சிவந்துபோய், தரையோடு தரையாக. கடைசியில் சேறு. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள். தில்லை மரங்களும் உண்டு. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார்கள். நான் தொடுவதில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருக்கிறது அப்பா.

முதல் நாள் நடந்தபோது ஏதோ குறைந்தது. கருவேலங்காட்டுக்குள் வெகுதூரம் போன பிறகுதான் என்னவென்று பிடிபட்டது. பின்னால் வண்டிச் சத்தம் இல்லை.

ஞாபகம் இருக்கிறதா? நான் வாய்க்கால் கரையில் பள்ளிக்கு நடப்பேன். நீங்கள் டிவிஎஸ் வண்டியில், பின்னால் பால் கேன்களோடு, என் நடைக்கு ஏற்றபடி உருட்டிக்கொண்டு வருவீர்கள். வண்டி அணைந்துவிடாமல் அடிக்கடி முறுக்குவீர்கள். பால் சொசைட்டி எதிர்த் திசையில். ஆனாலும் வருவீர்கள். "மந்திரி வர்றாங்க, வழி விடுங்கடி" என்று பெண்கள் ஒதுங்குவார்கள். நானும் சிரிப்பேன். கல்லூரிக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே வண்டி, அதே சத்தம். சாயங்காலம் பஸ் தாமதமானால் நீங்கள் அங்கேயே நின்றிருப்பீர்கள். என் காலடிச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு இருபத்தேழு வயதில்தான் தெரிந்தது. காய்ந்த கருவேலக் காய் நொறுங்குகிற சத்தம். அவ்வளவுதான். ஒரு மனுஷிக்கு அது பெரிய செய்தியாக இருக்க வேண்டுமா?

காரணத்தை நீங்கள் சொன்னதில்லை. அம்மா சொன்னாள். அத்தை வயதுக்கு வந்த வருஷம், அதே வாய்க்கால் கரையில், நாம் கூலி வேலை பார்த்த பண்ணை வீட்டு ஆள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தது. அதற்கப்புறம் அத்தையின் படிப்பை நிறுத்தியது. அவசரமாகக் கட்டிக்கொடுத்தது. நீங்கள் அப்போது சின்னப் பையன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

உங்களைப் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறேன். முடிகிறது. ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. அந்த ஆள் கடைசி வரை அதே கரையில் நடந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டு. நமக்கென்று சொந்த வயல் வந்த பிறகும் நீங்கள் வண்டியை நிறுத்தி அவனுக்கு வணக்கம் சொன்னீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவன் பின்னால் யாரும் வண்டி ஓட்டவில்லை.

போன குறுவை நடவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. பெரியப்பா மகன் குமரன் அண்ணன்தான் கொள்ளிச்சட்டி ஏந்தினார். மகன் இல்லாத வீட்டில் அவர்தான் மகன் என்றார்கள். நானும் பாடைக்குப் பின்னால் நடந்தேன். தெருமுனையில் பெண்களை நிற்கச் சொன்னார்கள். இதுக்கு மேல பொம்பளைங்க வரக் கூடாது, திரும்புங்க. தண்ணீரை ஊற்றித் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். என்னை ஒரு நாளும் துணையில்லாமல் விடாத ஆளை அன்றைக்கு நான் பாதி வழியில் விட்டேன். பறைச் சத்தம் தூரம் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பாதை எங்கே வளைகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் முன்பு காட்டோரத்தில் ஒரு திடல் பார்த்தேன். நன்றாகக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அறுப்புக்குப் பிறகு நம் வயல் கிடக்குமே, அப்படி. அந்த வெடிப்புகளின் மேல் ஓடித்தானே வளர்ந்தேன். யோசிக்கவே இல்லை, கால் வைத்தேன். மேலே இருந்தது வெறும் தோல். முழங்கால் வரை உள்ளே போனது. அதை இழுக்க இன்னொரு காலை ஊன்றினேன், அதுவும் போனது. நம் வயலில் சேற்றுக்கு அடியில் ஒரு தரை உண்டு. நடவில் கால் அதைத் தேடிப் போய் நின்றுவிடும். இங்கே கால் தேடிக்கொண்டே போனது.

தொடை வரை போன பிறகு பயந்தேன். அந்த நேரத்தில் என் காது என்ன செய்தது தெரியுமா? உங்கள் வண்டிச் சத்தத்தைத் தேடியது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களையா, என் காதையா, தெரியவில்லை.

கடைசியில் குப்புறப் படுத்து, ஆணி போல நீட்டியிருந்த அந்த வேர்களைப் பிடித்து இழுத்து இழுத்து வெளியே வந்தேன். உள்ளங்கை கிழிந்தது. செருப்பு போனது. யாரும் காப்பாற்றவில்லை. நானே வந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இடுப்பு வரை சேற்றோடு தெருவில் நடந்துவந்ததைத் தெருவே பார்த்தது. டீக்கடைக்காரர் மட்டும், "என்ன டீச்சர், நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்றார். மற்றவர்கள் அவ்வளவு நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. காட்டுக்குள் நான் யாரைப் பார்க்கப் போகிறேன் என்பதுதான் அவர்களுக்கு எப்போதும் கேள்வி. யாரையும் இல்லை என்று சொன்னால் அதைவிட மோசமாகப் பார்க்கிறார்கள். செல்வமணி அக்கா கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார். பிறகு கீழே போய் அம்மாவுக்குப் போன் செய்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா வந்தாள். குமரன் அண்ணன் டாடா ஏஸ் வண்டியே கொண்டுவந்திருந்தார். என் பீரோவையும் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு போக. ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் பேசிவைத்துவிட்டாராம். சம்பளம் குறைவுதான், ஆனால் வீட்டுச் சாப்பாடு என்றார். ஒரு வரன் இருப்பதையும் அதே மூச்சில் சொன்னார். நான் வேலையை விட மாட்டேன் என்றதும் கேட்டார்.

"சித்தப்பா இருந்திருந்தா இதெல்லாம் விட்டிருப்பாரா?"

நீங்கள் போனதிலிருந்து எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் மழுப்புவேன். அழுவேன். அன்றைக்கு ஏனோ நேராகப் பதில் வந்தது.

"விட்டிருக்க மாட்டாரு அண்ணே. அவரு இல்ல."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து என் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த புடவையை மடியில் வைத்தாள்.

"அப்ப அவரு போனது உனக்கு நல்லதாப் போச்சுங்கிறியா பாப்பா?"

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வந்து கட்டிக்கொண்டிருப்பாள். வாய் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி காலியாகத் திரும்பியது. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் கதவருகே போய் நின்றும் முகத்தைத் திருப்பவில்லை. அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கிறாள். நல்லா இருக்கேன் என்கிறாள். வைத்துவிடுகிறாள்.

செல்வமணி அக்காவும் மறுநாள் மேலே வந்தார். மாசக் கடைசிக்குள் வேற வீடு பாத்துக்கங்க டீச்சர், நாளைக்கு ஒண்ணு ஆனா ஊரு எங்களைத்தான் கேக்கும் என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார். நான் அழவில்லை. ஆற்றின் அக்கரையில் ஒரு வீடு கேட்டிருக்கிறேன். அங்கேயும் முதல் கேள்வி, கூட யாரு இருப்பா?

அம்மாவுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். வந்தால் இந்தப் பாதை இருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு நாள், ஒரே ஒரு நாள், வண்டியை நிறுத்திவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். நான் திரும்பி வந்திருப்பேன். உங்களிடம்தானே வந்திருப்பேன். உங்கள் சாவுக்கு நன்றி சொல்கிற நிலையில் என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?

பதில் வராது. தெரியும்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். காய்ந்து தெரிகிற தரையை இனிமேல் குச்சியால் குத்திப் பார்க்காமல் மிதிக்க மாட்டேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். போவதை நிறுத்த மாட்டேன். அப்பா இருந்தால் சம்மதித்திருப்பார் என்று யாரிடமும் பொய் சொல்லவும் மாட்டேன்.

பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்ட,
உங்கள் ஒரே மகள்.

எழுதி முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொன்னேன். ம் என்றாள். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.