அண்ணனுக்கு ஒரு திகதி

பெப்ரவரி 3, திங்கள்

காலையில் நல்ல பனி. வாய்க்கால் கரையில் முன்னால் போன சைக்கிள் தெரியவில்லை. ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது.

கமநல சேவை நிலையத்தில் இன்று முழுவதும் வெள்ள அழிவுப் படிவங்கள். அழிந்த நெல்லுக்கு நட்டஈடு. ஆளுக்கு ஆள் அதே கேள்வி: "தங்கச்சி, இந்தக் கட்டத்துக்கு என்ன எழுதுறது?" நானும் அதே பதில்: "ஒண்டையும் வெறுமையா விடாதேங்கோ ஐயா. இல்லையெண்டால் இல்லை எண்டு எழுதுங்கோ." சம்பளம் தருவதே இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது.

கனடாவுக்கு:
பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு – சரி
கலியாண எழுத்துப் பத்திரம் – சரி
பொலிஸ் நற்சான்று – விண்ணப்பித்தாயிற்று
கிராம சேவகர் கடிதம் – வியாழன்
குடும்ப விபரப் படிவம் – இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை
அம்மா –

அம்மா என்று எழுதிவிட்டேன். எதிரே என்ன போடுவது?

இவருக்கும் எனக்கும் கலியாண எழுத்து முடிந்து ஒன்றரை வருடம். சேர்ந்து இருந்தது இருபத்தாறு நாள். அதன் பிறகு அவர் ரொறன்ரோவில், நான் இங்கே வட்டக்கச்சியில், நடுவில் போன். போக ஆசையா என்று யாராவது கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன். அதுதான் வெட்கம்.

பெப்ரவரி 6, வியாழன்

கிராம சேவகர் கந்தோர். அரை நாள் லீவு.

"வீட்டில எத்தினை பேர்?"

"ரெண்டு... மூண்டு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று என்றே எழுதினார். அவருக்கும் பழகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் வாக்காளர் பதிவுக்கு வரும்போது அம்மா மூன்று பேர் என்றுதான் சொல்வார். தான், நான், ரூபன் அண்ணா.

சண்டையின் கடைசி மாதத்தில் அண்ணா காணாமல் போனார். அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. வீட்டில் அவருடைய படம் இருக்கிறது. மாலை போடவில்லை. திவசம் இல்லை. ஒருமுறை மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கதிரை போட்டார், தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கிளிநொச்சி. படிவம் நிரப்பும் கடை. மின்விசிறி ஓடவில்லை. எனக்கு முன்னால் ஏழு பேர், எல்லோருமே எங்கேயோ போகிறவர்கள்.

நாள் முழுக்க ஊருக்குப் படிவம் நிரப்புகிறவள், என் படிவத்துக்கு இன்னொருவரிடம் போயிருக்கிறேன். ஆங்கிலம் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். காரணம் ஆங்கிலம் இல்லை.

சகோதரர் பகுதி வந்தது. பெயர், பிறந்த திகதி எல்லாம் சொன்னேன். கடைக்கார அண்ணர் "இப்ப எங்க இருக்கிறார்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸிங் எண்டு போட்டால் கேள்விக்கு மேல கேள்வி வரும் தங்கச்சி. எங்க, எப்பிடி, இயக்கத்தில இருந்தவரோ எண்டு... இழுபடும். இறந்திட்டார் எண்டு போடுவம். கனபேர் அப்பிடித்தான் போடுகினம்."

"போடுங்கோ."

இவ்வளவுதான். ஒரு சொல். யோசிக்கக்கூட இல்லை.

பிறகுதான் படிவம் இறந்த திகதி கேட்டது. திகதி இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். அவர் பழைய கலண்டரை போனில் எடுத்துத் தந்தார். பார்த்தேன். அந்த மாதத்தில் யாருடைய பிறந்தநாளும் இல்லாத, கோயில் விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளாகத் தேடினேன். சட்டைத் துணி தெரிவுசெய்வது போல அண்ணனுக்கு ஒரு சாவு நாள் தெரிவுசெய்தேன். அந்தத் திகதியை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

வரும் வழியில் பாண் வாங்கினேன். கொத்தமல்லி மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 10, திங்கள்

அம்மா குசினியில் இருந்தபடியே கேட்டார்.

"போமில கொண்ணன் ரூபன்ர பேரும் போட்டனியோ?"

"போட்டனான்."

"அதுதான் நல்லது. இப்ப பேர் கிடந்தால்தானாம் பிறகு ஆக்களைக் கூப்பிடலாம். கொட்டகையில ஒரு மனிசி சொன்னவா. அவன் வந்தானெண்டால் நீ அங்கயிருந்து கூப்பிட்டு விடலாம் என்ன?"

"ஓம் அம்மா."

கொட்டகை என்றால் கோயிலடியில் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கும் கொட்டகை. மாதம் ஒருநாள் படத்தையும் எடுத்துக்கொண்டு அம்மா போவார்.

பெயர் போட்டது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்ல எனக்கு வருகிறது. சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதைவிட அடித்திருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்தாயிற்று. பத்து நிமிட வேலைக்கு இரண்டு நாள் பயணம்.

வீட்டுக்கு வந்தால் முற்றம் முழுக்க மிளகாய் காய்கிறது. கனடாவுக்குத் தூள் இடிக்கிறாராம். விசா வரட்டும் அம்மா என்றேன். "வராமல் எங்க போகப்போகுது?"

இரண்டு ஏக்கர் வயல், ஒரு மாடு, ஒரு படம். நான் போனால் அம்மாவுக்கு மிஞ்சுவது இவைதான். வவுனியாவில் சித்தி இருக்கிறா, வந்து நிற்பா என்கிறார் இவர். சித்தி ஒரு கிழமைக்கு மேல் எங்கும் நின்றதில்லை. இவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

செப்டெம்பர் 18, வியாழன்

காற்று. ஒரே புழுதி. குளத்தில் தண்ணீர் அடிமட்டம்.

மெயில் வந்திருக்கிறது. வந்தது விசா அல்ல. சகோதரரின் மரணச் சான்றிதழை அனுப்பவும், முப்பது நாள்.

கந்தோர் மலசலகூடத்தில் போய் நின்று இன்னொருமுறை வாசித்தேன்.

இவருக்குப் போன் எடுத்தேன். "அம்மாட்ட ஒரு கையெழுத்துத்தானே. விண்ணப்பிச்சு எடுத்தால் முடிஞ்சுது. நீர் யோசியாதையும்." ஒரு கையெழுத்துத்தானே! போனை வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அவர் அம்மாவை எங்கே கண்டார், இருபத்தாறு நாள்.

மாவட்டச் செயலகத்தில் விசாரித்தேன். அப்பா இல்லாதபடியால் விண்ணப்பத்தில் தாய்தான் கையெழுத்து வைக்க வேண்டும். படிவம் எடுத்து வந்து பைக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 20, சனி

இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே நான் வேறு கதை சொல்லிவிடுவேன். எழுதுகிறேன்.

காலபோக விதைப்புக்கு உரம் வாங்க, பசளை மானியப் படிவங்கள். எங்கள் வயலுக்கும் வழக்கமாக நான்தான் நிரப்பி, அம்மா கையெழுத்து வைப்பார். மூன்று இடத்தில். வாசிப்பதே இல்லை. நான் காட்டும் இடத்தில் வைப்பார். அந்தத் தாள்களுக்குக் கீழே அண்ணாவின் படிவத்தை வைத்தேன். கையெழுத்துக் கட்டம் மட்டும் தெரிய மடித்து வைத்தேன். என் தொழில் தெரிந்தவள் செய்யும் வேலை.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தாளில் அம்மாவின் பேனை நின்றது. மடிப்பை விரித்தார். கண்ணாடி போடவில்லை, தாளைத் தூரப் பிடித்தார்.

"இதில ரூபன்ர பேர் கிடக்கு."

நான் சொன்னேன். கடை, கட்டம், மெயில், எல்லாவற்றையும். அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்ன திகதி போட்டனி?"

சொன்னேன்.

அம்மா விரல்விட்டு எண்ணினார். "அண்டைக்கு அவன் இருந்தவன். கால் வேகுதெண்டு நீ அழுதனி. தன்ர செருப்பை வெட்டிச் சின்னனாக்கி உனக்குப் போட்டுவிட்டவன். அதுக்குப் பிறகும் ஆறு நாள் எங்களோட இருந்தவன் பிள்ளை."

செருப்பு நினைவிருக்கிறது. நீல வார், கழன்று கழன்று வந்தது. அந்த நாள் எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எல்லா நாளும் மனப்பாடம்.

பசளைத் தாள்களை அடுக்கித் தந்தார். மற்றதை என் மடியில் வைத்தார்.

"நீ கேட்டிருந்தால் வைச்சிருப்பனோ, தெரியாது. நீ கேக்கேல்லை."

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

அம்மா பேசுகிறார். சாப்பிடு, குளி, துணியை எடு. வேறு ஒன்றும் இல்லை.

இவரிடம் சொன்னேன், விசாக் கந்தோருக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்று. பொய் சொன்னதற்கு விசா மறுத்து ஐந்து வருடம் தடையும் போடலாம் என்று, காலையில் போனில் கேட்டபோது கடைக்கார அண்ணர் சொன்னதையும் சொன்னேன். வெட்டுப்பட்டுவிட்டதோ என்று ஹலோ சொன்னேன். "இல்லை, நிக்கிறன்" என்றார். பிறகு, "எழுதும்." குரல் சரியில்லை. இப்போது அவருக்கும் குற்றவாளி நான்.

செப்டெம்பர் 22, திங்கள்

லீவு போட்டேன். மேசையில் இருந்து முதலில் தமிழில் எழுதினேன். என் சகோதரர் இறந்துவிட்டார் என்று நான் குறிப்பிட்டது பிழை. இறந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. கடைசியாகக் கண்ட நாள்...

அதில் நின்றுவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை கேட்டேன்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். நாளைச் சொன்னார். இத்தனை வருடத்தில் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை. எழுதினேன்.

"இதால உனக்கு விசா இல்லாமல் போகுமோ?"

"போகலாம் அம்மா."

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"பின்னேரம் நாலு மணி. அதையும் எழுது."