சீனியின் முடியை என்ன செய்வது, செல்வம்?

பாசமுள்ள மச்சான் செல்வம்,

நீ இருக்கிற இடத்தில் குளிரா, வெயிலா, எனக்குத் தெரியாது. இங்கே லிந்துலையில் காலையிலிருந்தே மூட்டம். சலூன் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முடி வெட்ட ஒருவரும் வரவில்லை. காலடியில் சீனி சுருண்டு கிடக்கிறாள். அவளைப் பற்றி உன்னிடம் கேட்கத்தான் எழுதுகிறேன். நீ போனதிலிருந்து பல விஷயம் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது. இவளும் அதில் ஒன்று.

உன் நாய் என்னிடம் வந்தது உனக்குத் தெரியாது. உன் காரியம் முடிந்து, உன் பெண்சாதி கமலா மகளோடு கண்டிக்குக் கிளம்பினாள். மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நாய் வைக்க விடமாட்டார்களாம். "அண்ணே, இவள நீங்க வச்சுக்கிறீங்களா? ரோட்டுல விட்டுட்டுப் போக மனசு வரல" என்றாள். நான் யோசிக்கவேயில்லை, "குடும்மா" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஊர்த் தலைகளையெல்லாம் வெட்டிவிடுகிறவன், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாயின் முடி எனக்கு என்ன பெரிய வேலை என்ற நினைப்பு.

உன்னிடம் இருந்தபோது அவள் எப்படி இருந்தாள்! நுவரெலியாவில் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போன அம்மா ஒருத்தி உன் கையில் கொடுத்துவிட்டுப் போன குட்டி. உன் த்ரீவீல் ஆட்டோவில் உன்னை ஒட்டி உட்கார்ந்து வரும்போது அந்த வெள்ளை முடி காற்றில் அலை அலையாகப் பறக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். மழையில் நனைவாள், சேற்றில் இறங்குவாள், தேயிலைக்குள் ஓடுவாள். ஆனாலும் அந்த முடியில் ஒரு சிக்கு நான் பார்த்ததில்லை.

என்னிடம் வந்த பிறகு அவள் சோர்ந்துபோனாள். படியில் தாவி ஏறுகிறவள் நின்று நின்று ஏறினாள். தூக்கப் போனால் உறுமினாள். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்குக் காரணம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. உன்னை நினைத்து ஏங்குகிறாள், நானும் அப்படித்தானே இருக்கிறேன் என்று அவள் போக்கில் விட்டுவிட்டேன். சொன்னால் சிரிப்பாய், ஒரே துக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது போல எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கவனிக்காமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சலூனில் இருக்கிற நல்ல ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். துவாயால் அழுத்தித் துடைத்தேன். முதுகில் சீப்புப் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தேன். குளிருக்கு என் வீட்டுக்காரி ராணி சிவப்புக் கம்பளி நூலில் ஒரு சட்டை பின்னிப் போட்டாள். அதை நாங்கள் கழற்றவேயில்லை.

ஒரு நாள் அவள் காதுக்குப் பின்னால் விரல் பட்டது. பாக்கு மாதிரி ஒரு கட்டி. உன்னைப் போல இவளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாளோ என்று அவளைச் சட்டையோடு தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்கு ஓடினேன், மிருக டாக்டரிடம். டாக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, தமிழும் பேசுவார். சட்டையைக் கழற்றிவிட்டு முடியை விலக்கிப் பார்த்தார்.

"கட்டி இல்லை ஐயா. முடிதான் இறுகிப் போயிருக்கு. இங்க பாருங்க, கை இடுக்கு, வயிறு, வால் பக்கம், எல்லாமே இப்பிடித்தான்."

மேலே பளபளப்பு, அடியில் தலையணைப் பஞ்சு நனைந்து காய்ந்த மாதிரி ஒரே பாளம். நான் இத்தனை நாளும் மேல்முடியை மட்டும் வாரியிருக்கிறேன். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் காயக் காயச் சிக்கு இறுகுமாம். துவாயால் தேய்த்ததும் தப்பு. அந்தச் சட்டை உரசி உரசி அடிமுடியைத் திரித்துவிட்டது. இந்த மூட்டத்தில் உள்முடி காய்வதே இல்லை.

நான் கேட்டேன்: "அதுக்கு வலிக்குமா டாக்டர்?"

"உங்க முடிய ஒருத்தர் புடிச்சி இழுத்துக்கிட்டே இருந்தா எப்பிடி இருக்கும்? காலத் தூக்குற ஒவ்வொரு தடவையும் தோல இழுக்குது. அதான் ஏற மாட்டேங்குது, தொட விட மாட்டேங்குது."

மச்சான், நான் ஏக்கம் என்று நினைத்தது இதுவா?

தோல் சில இடங்களில் புண்ணாகத் தொடங்கியிருந்தது. மெஷினால் முழுசாக எடுத்தே ஆக வேண்டும், விட்டால் புழு வைக்கும் என்றார். கத்தரியைக் கொண்டுபோக வேண்டாம், சிக்குக்குள் தோல் இழுபட்டு வந்திருக்கும், வெட்டுப்பட்டுவிடும் என்றார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று சொன்னதும், "அப்ப நீங்களே எடுங்களேன், உங்கள அதுக்குத் தெரியும்தானே" என்று மருந்தைக் கொடுத்து அனுப்பினார்.

உன் கருமாதியில் உன் அண்ணன் மகனுக்கு மொட்டை போட்டது நான்தான். அன்றைக்கு நான் தயங்கவில்லை. நாய்க்கு மெஷினைக் கையில் எடுத்ததும் சுவிட்சைப் போட மனம் வரவில்லை. ஏன் என்று நீயாவது சொல்வாயா? நீ ஆசையாக வைத்திருந்த முடி. அதை எடுத்துவிட்டால் உன்னிடம் இருந்த ஒன்றை நானே இல்லாமல் ஆக்குவது போலத் தோன்றியது. மெஷினை வைத்துவிட்டுக் கமலாவுக்குப் போன் போட்டேன்.

"முடிதானேண்ணே, வளந்துரும். வலியோட வச்சிருக்காதீங்க" என்றாள்.

"அவன் எப்பிடிம்மா இத இவ்ளோ சுத்தமா வச்சிருந்தான்? எந்தச் சீப்பு?"

"அவரா? வீட்டுல அதுக்குன்னு ஒரு சீப்பே கெடையாதேண்ணே. அவரு வாரி நான் கண்டதே இல்ல."

அன்று பகலில் சலூன் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். ராணி பிடித்துக்கொண்டாள். முடி தனித்தனியாக விழவில்லை, ஆட்டுத்தோல் போல ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில், பூனை அளவில், அங்கங்கே சிவந்த தடிப்புகளோடு வேறு ஒரு நாய். மருந்து போட்டு இறக்கிவிட்டேன். உடம்பை உதறினாள். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள், குரைத்தாள், கண்ணாடியில் தன்னைக் கண்டு மறுபடி குரைத்தாள். நீ போனதிலிருந்து அந்தக் குரைப்பை நாங்கள் கேட்டதில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. அப்படியானால் இவள் உன்னைத் தேடவேயில்லையா? வலி போனதும் எல்லாம் போய்விட்டதா? ராணியிடம் கேட்டேவிட்டேன்.

"நாய்க்கு இருந்தது வலி. அது போயிருச்சு, ஓடுது. உங்களுக்கு என்னான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். நான் மெஷினைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆனாலும் சீப்பு விஷயம் மண்டையைக் குடைந்தது. ஸ்டாண்டுக்குப் போய், உன் பக்கத்தில் எப்போதும் த்ரீவீல் நிறுத்துகிற ரபீக் நானாவிடம் கேட்டேன்.

"சீப்பா? அவன் கைதான் சீப்பு. ஆள் ஏறாம ஹயர் இல்லாத நேரமெல்லாம் மடியில போட்டுக்கிட்டு, காதுக்குப் பின்னால, கக்கத்துக்குள்ள விரல விட்டுப் பிரிச்சுக்கிட்டே இருப்பான். கூடவே அதுகிட்ட என்னத்தையாவது பேசிக்கிட்டு இருப்பான். நாங்க சும்மா தடவுறான்னு நெனச்சோம்."

நானும் எத்தனை நாள் அந்த த்ரீவீலின் பின்சீட்டில் உட்கார்ந்து உன்னோடு பிளேன்டீ குடித்திருக்கிறேன்! நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? எப்படி என் கண்ணில் படாமல் போனது?

இப்போது முடி விரல் உயரம் வளர்ந்திருக்கிறது. தினமும் மடியில் வைத்துக்கொள்கிறேன். முடி முறியாமலிருக்க லேசாகத் தண்ணீர் தெளித்து, காலிலிருந்து மேலாக, தோல் தெரியும்வரை அடுக்கடுக்காக விலக்கி வாருகிறேன். பட்டி உரசுகிற கழுத்தையும் கை இடுக்கையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் அடிமுடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தோலை இழுக்காமல், நுனியிலிருந்து பிரிக்கிறேன். சிக்கு இல்லையென்று பார்த்த பிறகுதான் குளிப்பு. துவாயால் ஒற்றி எடுத்து, இளஞ்சூட்டில் டிரையர் பிடிக்கிறேன். தேயிலைப் பக்கம் போய்வந்தால் கால் விரலுக்கு நடுவே புல்விதை பார்க்கிறேன். கம்பளிச் சட்டை வெளியே போகும்போது மட்டும்தான், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன். நீயும் இப்படித்தான் செய்தாயா? வேறு ஏதாவது இருக்கிறதா?

இன்னொன்றும் பிடிபடவில்லை. நான் பேசாமல் வாரினால் இறங்கி ஓடப் பார்க்கிறாள். பேசினால் அசையாமல் கிடக்கிறாள். ஆகவே வாய்க்கு வந்ததைப் பேசுகிறேன். கொழுந்து விலை, பஸ் வராதது, யார் வீட்டில் கல்யாணம்.

போன வாரம் காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. அதைப் பிரித்துக்கொண்டே பேசியவன், என்னை அறியாமல் உன் கடைசி நாளைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். ரபீக் நானா த்ரீவீலை ஓட்ட, நீ என் மடியில் தலைவைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி வளைவில் கண்ணைத் திறந்து என்னிடம் ஏதோ சொன்னது. இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "என்னடா, என்னடா" என்று குனிந்தேன். நீ திரும்பச் சொல்லவில்லை. கமலா கேட்டபோதுகூட, அமைதியாகப் போனான் என்று மட்டும்தான் சொன்னேன். என்ன சொன்னாய் மச்சான்? கமலாவைப் பற்றியா? மகளையா? வலிக்கிறது என்றா?

நிமிர்ந்து பார்த்தால் ராணி வாசலில் நிற்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெரியல ராணி."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சீனியின் இன்னொரு காதைக் கையில் எடுத்து விலக்கிப் பார்த்தாள். பிறகு, "சொல்லுங்க, அப்புறம் என்னாச்சு?" என்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.

சித்திரைக்குக் கமலா வருகிறாள். நீ ஏதோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை என்பதை அவளிடம் சொல்லப்போகிறேன். அது அவளுக்கு ஆறுதலா, இன்னொரு வேதனையா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சீனியின் முடிக்கு மட்டும் இப்போதே வாக்குத் தருகிறேன். கமலா காதிலிருந்து வால்வரை கையை ஓட்டினால் ஓரிடத்திலும் விரல் சிக்காது. அதற்கு நான் பொறுப்பு.

உன் அக்காளைக் கட்டாமலே உனக்கு மச்சானாகிப்போன,
தியாகு